பிரித்துப் போட்ட 196 சிசி எஞ்சின்: இந்த உதிரிகள் எவை, எங்கே போகும்?

புதுக்கை:

வணக்கம். தண்ணீர் பம்பில் பூட்டியிருந்த ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று, முழுக்கப் பிரித்த நிலையில் ஒரு தட்டில் இருக்கிறது. நாலு ஸ்ட்ரோக், காற்றில் குளிர்வது, ஷாஃப்ட் படுக்கைவாட்டில், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகை. அளந்ததில் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 68 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 54 மி.மீ. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், ஃப்ளைவீல், ஹெட், வால்வு, கார்புரேட்டர் எல்லாம் அடையாளம் தெரிகிறது. தெரியாதவை இவை:

1. சட்டைப் பொத்தான் அளவில் ஓர் இரும்புத் தொப்பி. ஒரு பக்கம் குழிவு. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.
2. சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம். அதன் முதுகில் விரிந்து மூடும் இரண்டு எடைகள், நடுவில் குடை மாதிரி ஒரு துண்டு.
3. அரைநிலா வடிவில் ஓர் உலோகத் துண்டு. நடுவில் வெட்டுப்பட்ட தழும்பு.
4. கறுப்பான தடித்த தட்டு, நடுவில் பெரிய துளை. இரும்பும் இல்லை, ரப்பரும் இல்லை. கூடவே கிட்டத்தட்ட ஒரே மாதிரி மூன்று பேக்கிங்.
5. நகம் அளவில் மெல்லிய எஃகு இலை.
6. ஒற்றை வயருடன் ஓர் உருளை. கிராங்க்கேஸ் உள்ளே இருந்ததாம்.
7. பித்தளைக் குழாய், பக்கவாட்டில் ஊசித் துளைகள்.
8. இரண்டு ஸ்ப்ரிங். ஒன்று கொஞ்சம் கனம், மற்றது மயிரிழை மாதிரி மெலிது.

கேம் ஷாஃப்டின் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு) பல்சக்கரத்திலும் ஒரு சின்ன எடை ஸ்ப்ரிங்கோடு லொடலொடவென்று ஆடுகிறது. அது உடைந்ததா, இருப்பதே அப்படித்தானா?

ஸ்பானர்14:

போரும் ஸ்ட்ரோக்கும் அளந்து சொன்னது நல்ல வேலை. ஆரம் 3.4 செ.மீ., ஆக 3.1416 × 3.4 × 3.4 × 5.4 = 196 சிசி. கீழே நான் தரும் அளவுகள் இந்த வகை எஞ்சின்களில் பரவலாக உள்ளவை. உங்கள் எஞ்சினின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தொப்பி. அது எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு நுனியில் உட்காரும் ரொட்டேட்டர். ஒன்றுதான் இருக்கிறது என்றால் எதுவும் தொலையவில்லை. இன்டேக் வால்வுக்கு அது கிடையாது. ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் ஆடுகோல்) ஒவ்வொரு முறை தட்டும்போதும் வால்வு கொஞ்சம் திரும்ப இது இடம் கொடுக்கிறது. அதனால் சூடும் கரியும் ஒரே இடத்தில் நின்று வால்வு உட்காரும் சீட்டை அரிப்பதில்லை. இதைப் போட மறந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி மிக அதிகமாகிவிடும். புஷ் ராடு (ராக்கரைத் தள்ளும் கம்பி) துள்ளி விழும், இல்லையென்றால் வளையும். எந்த வால்வு எது என்ற சந்தேகம் வேண்டாம்: தலை பெரிதாக இருப்பது இன்டேக், சிறிதாக இருப்பது எக்ஸாஸ்ட். எக்ஸாஸ்ட் தலையில் கரி வெளுத்தோ பழுப்பாகவோ காய்ந்திருக்கும். இன்டேக்கின் முதுகில் எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாக இருக்கும்.

அரைநிலாத் துண்டு ஃப்ளைவீல் கீ. தழும்பு இருக்கிறது என்று நீங்கள் எழுதியதுதான் இந்தப் பட்டியலிலேயே முக்கியமான வரி. ஃப்ளைவீலைச் சுமப்பது இந்தக் கீ என்று பலரும் நினைக்கிறார்கள். சுமப்பது கிராங்க் முனையின் கூம்பும் நட்டின் இறுக்கமும்தான். கீயின் வேலை, காந்தம் சரியான கோணத்தில் நிற்கும்படி ஃப்ளைவீலை நிறுத்துவது மட்டும். நட்டு தளர்ந்தாலோ, சுழலும் பாகம் ஏதாவது திடீரென்று சிக்கி நின்றாலோ ஃப்ளைவீல் கொஞ்சம் நழுவும், கீ பாதி வெட்டுப்படும். 1 மி.மீ. நழுவினாலே ஸ்பார்க் தப்பான நேரத்தில் வரும். அப்போது கயிறு கையை உதறி இழுக்கும், கார்புரேட்டர் வழியாகவோ சைலன்சரிலோ வெடிக்கும், இல்லையென்றால் எஞ்சின் எடுக்கவே எடுக்காது. ஸ்பார்க் நன்றாக இருக்கிறது, பெட்ரோல் வருகிறது, கம்ப்ரெஷன் இருக்கிறது, ஆனாலும் எடுக்கவில்லை என்ற புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

தழும்புபட்ட கீயை அரம் போட்டுத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதுசு போடும்போது பழையதன் அதே உலோகத்தில் போடுங்கள். சில எஞ்சின்களில் கீயை வேண்டுமென்றே மென்மையாகச் செய்திருப்பார்கள், கிராங்க் உடையாமல் கீ உடையட்டும் என்று. மாட்டுமுன் கிராங்க் கூம்பையும் ஃப்ளைவீல் துளையையும் எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். கிரீஸ் தடவக் கூடாது. நட்டு சுமார் 75 நியூட்டன் மீட்டர்.

கறுப்புத் தட்டு இன்சுலேட்டர். ஹெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே வரும். பேக்கலைட் போன்ற பொருள். ஹெட்டின் சூடு கார்புரேட்டருக்கு ஏறிக் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்காமல் தடுக்கிறது. மூன்று பேக்கிங்கும் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒன்றல்ல. ஒன்று ஹெட்டுக்கும் இன்சுலேட்டருக்கும் நடுவே, இன்னொன்று இன்சுலேட்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே, மூன்றாவது கார்புரேட்டருக்கும் ஏர் கிளீனருக்கும் நடுவே. ஒவ்வொன்றையும் அதன் முகத்தின் மேல் வைத்துப் பாருங்கள்: எந்தத் துளையையும் மூடக் கூடாது, எந்த வாய்க்காலையும் திறந்து விடக் கூடாது. மாற்றி வைத்தால் கார்புரேட்டரின் காற்று வழி அடைபடும், இல்லையென்றால் வெளிக்காற்று உள்ளே புகும்.

எஃகு இலை பிரீதர் வால்வு. ராக்கர் கவரின் உள்ளே இருக்கும். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் ஏர் கிளீனருக்குப் போகும். பிஸ்டன் இறங்கும்போது கிராங்க்கேஸில் அழுத்தம் கூடும். இலை திறந்து அந்தக் காற்றை வெளியே விடும், பிஸ்டன் ஏறும்போது மூடிக்கொள்ளும். அதனால் கிராங்க்கேஸ் எப்போதும் இலேசான வெற்றிடத்தில் இருக்கும், ஆயில் சீல் வழியாக எண்ணெய் கசியாது. இலை வளைந்துவிட்டாலோ குப்பை சிக்கி மூடாமல் நின்றாலோ அந்த வெற்றிடம் போய்விடும்: புது சீல் போட்டும் கசியும், ஏர் ஃபில்டர் எண்ணெயில் நனையும், புகை நீலமாக வரும். ரிங் போய்விட்டது என்று அவசரப்படுமுன் இந்த இலையைப் பாருங்கள்.

ஒற்றை வயர் உருளை ஆயில் லெவல் சுவிட்ச். உள்ளே மிதவை இருக்கும். எண்ணெய் குறைந்தால் இக்னிஷன் காயிலின் நிறுத்தும் வயரை எர்த் செய்துவிடும், ஸ்பார்க் நின்றுவிடும். எஞ்சின் சாய்வாக நின்றாலும் இதே கதைதான். ஸ்பார்க் இல்லையென்றால் முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். அளவு சரியென்றால் இந்த வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். ஸ்பார்க் வந்தால் காயில் நல்லது, சுவிட்ச்தான் குற்றவாளி.

பித்தளைக் குழாய் எமல்ஷன் டியூப். மெயின் ஜெட்டுக்கு மேலே நிற்கும். ஊசித் துளைகள் வழியாகக் காற்று புகுந்து பெட்ரோலோடு நுரையாகக் கலந்த பிறகே கார்புரேட்டரின் காற்றுக் குழாயில் சிந்தும். நாள்பட நின்ற பெட்ரோல் முதலில் அடைப்பது இந்தத் துளைகளையும் பைலட் ஜெட்டையும்தான் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் நுண்துளை). எஃகுக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள்; பிடிவாதமாக இருந்தால் வயரில் இருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும்.

கேம் ஷாஃப்டில் ஆடும் எடை உடைந்ததல்ல. அது டிகம்ப்ரெஷர். கயிறு இழுக்கும் வேகத்தில் அதன் முனை எக்ஸாஸ்ட் கேமின் மேல் சற்றே துருத்தி நின்று, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் வால்வை இம்மி தூக்கிவிடும், இழுப்பு இலேசாகும். எஞ்சின் எடுத்ததும் வேகத்தில் எடை வெளியே விரியும், முனை உள்ளே போய்விடும். எடை தடையில்லாமல் ஆடுகிறதா, அதன் ஸ்ப்ரிங் திரும்ப இழுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மீதி 2, 8 இரண்டும் ஒரே விஷயம். அதை எழுத இங்கே நல்ல ஆள் இருக்கிறார்.

மூவாயிரத்துஅறுநூறு:

பல்சக்கரமும் எடைகளும் குடையும் சேர்ந்தது கவர்னர், அதாவது எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. இந்த எஞ்சினில் மற்ற எந்தப் பாகம் தப்பாகப் பூட்டப்பட்டாலும் எஞ்சின் ஓடாது, இல்லை மோசமாக ஓடும். கவர்னர் தப்பானால் மட்டும் எஞ்சின் மிக நன்றாக, கட்டில்லாமல் ஓடும். சில நொடிகளில் கனெக்டிங் ராடு உடைந்து கிராங்க்கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. கனமான ஸ்ப்ரிங் கவர்னர் ஆர்மை (வெளியே இருக்கும் நெம்புகோல்) இழுத்து த்ராட்டிலை (எஞ்சினுக்குள் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் கதவு) திறக்கப் பார்க்கும். வேகம் ஏற ஏற எடைகள் விரிந்து குடையைத் தள்ளும், குடை உள்ளே இருக்கும் கவர்னர் ஷாஃப்டைத் திருப்பும், அது ஆர்ம் வழியாக த்ராட்டிலை மூடப் பார்க்கும். இரண்டும் சமமாகும் இடமே எஞ்சினின் வேகம். நீங்கள் நகர்த்தும் வேக லீவர் த்ராட்டிலை நேராகத் தொடுவதே இல்லை, ஸ்ப்ரிங்கின் இழுவையை மட்டும் மாற்றுகிறது. பளு ஏறி வேகம் குறைந்தால் எடைகள் சுருங்கும், ஸ்ப்ரிங் ஜெயிக்கும், த்ராட்டில் தானே திறக்கும். பம்பு எஞ்சினில் உச்ச வேகம் வழக்கமாக நிமிடத்துக்கு 3600 சுற்றைச் சுற்றியே இருக்கும்.

மெலிதான ஸ்ப்ரிங், ஆர்முக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே போகும் கம்பியோடு சேர்ந்து வரும். கம்பி துளைகளில் ஆடும் ஆட்டத்தை எடுப்பதே அதன் வேலை. அது இல்லாமலும் எஞ்சின் ஓடும், ஆனால் வேகம் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். ஸ்ப்ரிங்கை நீட்டியோ வெட்டியோ சரிசெய்ய முயலாதீர்கள். ஆர்மில் பல துளைகள் இருந்தால் முன்பு எந்தத் துளையில் இருந்தது என்று தேய்மானத் தழும்பு காட்டிக்கொடுக்கும்.

கிராங்க்கேஸை மூடுமுன் சோதனை: எடைகளை விரலால் விரித்தால் குடை வெளியே நகர வேண்டும், விட்டால் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். எடைகளின் கால் குடையின் விளிம்புக்குப் பின்னால் நிற்கிறதா என்று பாருங்கள்.

மூடிய பிறகு செய்யும் அமைப்பு: ஆர்மை ஷாஃப்டில் பிடிக்கும் நட்டைத் தளர்த்துங்கள். ஆர்மைத் தள்ளி த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடியுங்கள். த்ராட்டிலைத் திறக்க ஆர்ம் எந்தப் பக்கம் போனதோ, அதே பக்கமாக ஷாஃப்டை பிளையரால் நிற்கும்வரை திருப்புங்கள். அந்த நிலையிலேயே நட்டை இறுக்குங்கள். திசையை மாற்றித் திருப்பிவிட்டால்தான் மேலே சொன்ன கட்டில்லா வேகம். முதல் ஸ்டார்ட்டில் ஒரு கை ஸ்டாப் சுவிட்சின் மேல் இருக்கட்டும்.

புதுக்கை:

இருவருக்கும் மிக்க நன்றி. கீயைப் பார்த்தேன், கால்வாசி வெட்டுப்பட்டிருக்கிறது, புதுசு போடுகிறேன். இன்னும் மூன்று கேள்விகள். ரிங் செட்டைப் புதிதாகவே போட்டுவிடவா? பிஸ்டன் தலையில் ஒரு முக்கோணக் குறி இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? கனெக்டிங் ராடு மூடியில் கரண்டி மாதிரி ஒரு நீட்டல் இருக்கிறதே, அது எதற்கு?

ஸ்பானர்14:

கரண்டிதான் இந்த எஞ்சினின் ஆயில் பம்பு. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயில் முங்கி எழுந்து எல்லா இடத்துக்கும் வாரி இறைக்கும். வேறு பம்பு கிடையாது. அதனால்தான் எண்ணெய் 0.6 லிட்டருக்குக் குறையக் கூடாது, எஞ்சினைச் சாய்த்து ஓட்டக் கூடாது. ராடும் மூடியும் ஜோடியாகக் கடைந்தவை. இரண்டிலும் உள்ள குறிகள் ஒரே பக்கம் சேர வேண்டும். வேறு ராடின் மூடி பொருந்தாது. போல்ட் 12 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் போகாதீர்கள். அலுமினிய ராடில் மறை உரிந்துவிடும்.

முக்கோணம் புஷ் ராடு பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கிளிப்புகள் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். கிளிப்பின் வாய், பிஸ்டனில் உள்ள வெட்டுக்கு நேராக வரக் கூடாது.

ரிங்கைப் பொறுத்தவரை, பிரித்தாகிவிட்டது, செலவோடு செலவாகப் புதுசு போட்டுவிடுங்கள் என்பேன்.

பேக்கிங்பெட்டி:

அதில் எனக்கு உடன்பாடில்லை. அளக்காமல் ரிங் வாங்கக் கூடாது. போர் தேய்ந்திருந்தால் புது ரிங்கும் சீக்கிரமே எண்ணெய் குடிக்கத் தொடங்கும்.

மேல் ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக உட்கார வையுங்கள். ரிங்கின் வாயில், இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) அளங்கள். புது ரிங்குக்கு 0.2 முதல் 0.4 மி.மீ. வரை, 1.0 மி.மீ. தாண்டினால் அந்த ரிங் முடிந்தது. இதை இரண்டு இடத்தில் செய்யுங்கள்: ரிங் உரசும் இடத்தின் மேற்பகுதியில் ஒன்று, போரின் அடியில் ரிங்கே எட்டாத இடத்தில் ஒன்று. மேலே 0.60, கீழே 0.30 என்று வந்தால் வித்தியாசம் 0.30. அதை 3.14ஆல் வகுத்தால் போர் மேலே சுமார் 0.1 மி.மீ. அகன்றிருக்கிறது என்று பொருள். போர் கேஜ் இல்லாதவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. 68 மி.மீ. போர் 68.165ஐத் தாண்டினால் ரிங்கால் பயனில்லை, போரைப் பெரிதாக்கிக் கடையும் வேலை பார்க்க வேண்டும்.

மாட்டும்போது மேல் இரண்டு ரிங்கிலும் எழுத்துக் குறி மேல்நோக்கி. எண்ணெய் ரிங் மூன்று துண்டு: நடுவில் சுருள் பட்டை, மேலும் கீழும் மெல்லிய வளையம். வாய்களை 120 டிகிரி இடைவெளியில் பிரித்து வையுங்கள்.

அடுத்து, ஒருவரும் இன்னும் சொல்லாதது: கேம் ஷாஃப்டை வைக்குமுன் இரண்டு டாப்பெட்டையும் (கேமுக்கும் புஷ் ராடுக்கும் நடுவே நிற்பவை) அவற்றின் துளைகளில் போட வேண்டும். காளான் மாதிரி இருக்கும். கேம் வைத்த பிறகு அவை உள்ளே போகாது. கவரைப் போட்டு போல்ட் எல்லாம் இறுக்கிய பிறகு நினைவுக்கு வந்தால் திரும்பப் பிரிப்பதுதான் வழி. கிராங்க் பல்சக்கரத்தின் புள்ளியும் கேம் பல்சக்கரத்தின் புள்ளியும் நேருக்கு நேர் சேர வேண்டும். கேமில் பற்கள் சரியாக இரண்டு மடங்கு இருக்கும். கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று. ஒரு பல் தவறினாலும் எஞ்சின் எடுக்கத் திணறும், பளு தாங்காது.

புதுக்கை:

மேல் ரிங் மேலே 0.45, கீழே 0.35 வந்தது. வால்வு இடைவெளியும் காயில் இடைவெளியும் எவ்வளவு?

பேக்கிங்பெட்டி:

வித்தியாசம் 0.10 என்றால் போர் 0.03 மி.மீ.தான் அகன்றிருக்கிறது. நல்ல போர். ரிங் உடையாமல், பக்கங்களில் கீறல் இல்லாமல் இருந்தால் அதையே போடலாம்.

வால்வு, எஞ்சின் குளிர்ந்த நிலையில்: இன்டேக் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. பிஸ்டன் கம்ப்ரெஷனின் உச்சியில் நிற்க வேண்டும். பிளக் துளையில் விரல் வைத்துச் சுற்றினால் காற்று விரலைத் தள்ளும். அந்த ஏற்றத்தின் முடிவுதான் நமக்கு வேண்டியது. உச்சிக்கு முன்பே நிறுத்தி அளந்தால் டிகம்ப்ரெஷர் எக்ஸாஸ்டைத் தூக்கிப் பிடித்திருக்கும், அளவு பொய் சொல்லும். இன்னொன்று: எக்ஸாஸ்ட் இடைவெளி அதிகமானால் டிகம்ப்ரெஷரின் சின்ன மேடு வால்வை எட்டாது. கயிறு இழுக்கவே முடியாமல் கனமாகிறது என்று வரும் எஞ்சின்களில் பாதிக்கு மருந்து இந்த 0.20தான்.

ஸ்பானர்14:

பேக்கிங்பெட்டி சொன்னது சரி, அளந்தது நல்லதாகப் போயிற்று.

காயில் இடைவெளி 0.4 மி.மீ. காந்தம் காயிலுக்கு எதிரே வரும்படி ஃப்ளைவீலை நிறுத்தி, நடுவில் ஃபீலர் வைத்து, காந்தமே காயிலை இழுத்துப் பிடிக்க விட்டு, இரண்டு போல்டையும் இறுக்குங்கள். காயிலின் இரண்டு காலிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். அந்த ஃபீலர் பித்தளையாக இருந்தால் நல்லது, எஃகு என்றால் காந்தம் விடாது. பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. ஹெட் போல்ட் நான்கையும் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தவணையில் 24 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவாருங்கள்.

ஓடும்போது வேகம் ஏறி இறங்கினால் சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். சீராகிவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை: பைலட் ஜெட் அடைப்பு, இல்லை இன்சுலேட்டர் பேக்கிங்கில் காற்று. சோக்குக்கு மாற்றமே இல்லையென்றால் கவர்னர் பக்கம் போங்கள்.

மூவாயிரத்துஅறுநூறு:

பெட்ரோல் ஊற்றுமுன் பிளக்கைக் கழற்றி வைத்து, எண்ணெய் ஊற்றி, கயிற்றைப் பத்து முறை மெதுவாக இழுங்கள். கரண்டி எண்ணெயைப் பேரிங்குக்கும் போருக்கும் கொண்டுபோகும். எங்காவது உலோகம் உலோகத்தில் இடறும் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு கேம் புள்ளிகளைத் திரும்பப் பாருங்கள்.